பொய்க்காலுக்குள் இருக்கிற கால்: கழற்றுவதிலிருந்து போடுவது வரை

முழங்காலுக்குக் கீழே கால் எடுக்கப்பட்டு, செயற்கைக் கால் போட்டு நடக்கிறவர்களுக்கும் அவர்களோடு ஒரே வீட்டில் இருப்பவர்களுக்கும் இந்த வழிகாட்டி. செல் வீச்சிலோ மிதிவெடியிலோ இழந்து பல வருடம் ஆனவர்கள், சீனி வருத்தத்தால் அண்மையில் இழந்தவர்கள் என்று வன்னியில் இரண்டு வகையினரும் இருக்கிறார்கள். மிஞ்சிய காலை, அதாவது கிளினிக்கில் ஸ்டம்ப் என்று சொல்வதை, பராமரிக்கும் முறை இருவருக்கும் ஒன்றுதான்.

அனேகமானோர் பிழை விடுவது வேலையில் அல்ல, வேலையின் ஒழுங்கில். காலையில் குளித்து ஈரத்தோடு காலைப் போடுவார்கள். பார்க்க முதல் கழுவுவார்கள். புண் ஆற முதல் நடப்பார்கள். அதனால் இங்கே நாள் பின்னேரத்தில் தொடங்குகிறது.

1. கையில் இருக்க வேண்டியவை

முதலாவது, ஒரு சோடி ஊன்றுகோல். பொய்க்கால் வந்ததும் ஊன்றுகோலை யாருக்காவது கொடுத்துவிடுவது இங்கே வழக்கம். கொடுக்காதீர்கள். புண் வந்தால் அதற்கு மருந்து பொய்க்காலைக் கழற்றி வைப்பதுதான். ஊன்றுகோல் இல்லாதவரால் கழற்றி வைக்க முடியாது. கிணற்றடிக்குப் போகவேனும் மறுபடி மாட்டுவார். 3 நாளில் ஆற வேண்டியது 3 மாதம் இழுபடும்.

அடுத்தது முகக்கண்ணாடி. உள்ளங்கையளவு போதாது, கதிரையில் இருந்தபடி ஸ்டம்பின் அடியை முழுதாகப் பார்க்கிற அளவு வேண்டும். போன் ரோர்ச் வெளிச்சம் போதும்.

ஸ்டம்ப் சொக்ஸ் குறைந்தது ஆறு. பிளை என்பது சொக்ஸின் தடிப்புக் கணக்கு: மெல்லியது 1 பிளை, தடித்தவை 3, 5 பிளை. இரண்டு விதமும் இருந்தால்தான் பகலில் கூட்டிக் குறைக்கலாம். வாசனை குறைந்த குழந்தைச் சவர்க்காரம், தனியாக ஒரு பருத்தித் துவாய், கோஸ் துணி, வாசலின், உப்பு, ஒரு சிறிய கொப்பி. இவ்வளவுதான். விலை கூடிய கிறீம்கள் தேவையில்லை.

2. கழற்றியதும் பாருங்கள், பிறகு கழுவுங்கள்

வெளியில் திரியும் வேலை முடிந்ததும் கழற்றிவிடுங்கள். படுக்கப் போகும்வரை வைத்திருக்க வேண்டாம்.

முதலில் சொக்ஸை உட்புறம் வெளியே திருப்பிப் பாருங்கள். இரத்தப் பொட்டு, மஞ்சள் கறை, புதிய மணம் ஏதும் இருக்கிறதா? சொக்ஸைத் தண்ணீரில் போட்டபின் இந்தச் சாட்சி போய்விடும்.

பிறகு ஸ்டம்பைப் பாருங்கள். கழற்றியதும் சில இடங்கள் சிவந்திருப்பது இயல்பு. எந்த இடம் என்பதுதான் விஷயம். முழங்கால் சில்லுக்குச் சற்றுக் கீழே உள்ள தசைநார், முழங்காலுக்குக் கீழ் உட்பக்கச் சரிவு, பின்பக்கக் கெண்டைத் தசை ஆகியவை பாரம் தாங்கக்கூடிய இடங்கள். அங்கே சிவப்பு வரலாம். முன்னெலும்பின் விளிம்பு, அந்த எலும்பு முடிகிற நுனி, முழங்காலுக்கு வெளிப்பக்கம் கீழே தட்டுப்படும் சிறிய எலும்பு முட்டு, பின்பக்கக் கயிறு போன்ற நார்கள் ஆகியவை பாரம் தாங்காதவை. அங்கே சிவப்பு வந்தால் சொக்கெட், அதாவது ஸ்டம்ப் உள்ளே இறங்கும் பொய்க்காலின் கூடு, தவறான இடத்தில் அமர்ந்திருக்கிறது.

20 நிமிடம் பொறுத்து மறுபடி பாருங்கள். சிவப்பு மறைந்திருந்தால் பயமில்லை. மறையாவிட்டால் விரலால் அழுத்தி எடுங்கள்: வெளிறிப் பிறகு சிவந்தால் இன்னும் இரத்தம் ஓடுகிறது, நாளைக்கு நடையைக் குறைத்து சொக்ஸைச் சரிபார்க்கலாம். அழுத்தியும் நிறம் மாறாவிட்டால் உள்ளே நசிந்திருக்கிறது. மேலே தோல் உடைந்திராவிட்டாலும் அதைப் புண்ணாகவே எடுத்து 7ஆம் பகுதிக்குப் போங்கள். கறுத்த தோலில் சிவப்பு தெரியாது. அங்கே சூட்டையும் தடிப்பையும் புறங்கையால் தொட்டு அறியுங்கள்.

கழுவிய பிறகு பார்த்தால் இதொன்றும் தெரியாது. தண்ணீரும் தேய்ப்பும் முழுத் தோலையும் சிவக்க வைத்துவிடும். சீனி வருத்தம் உள்ளவர்கள் காலையில் போட முதலும் ஒருமுறை பாருங்கள்; அவர்களுக்கு வலி வந்து சொல்லாது.

3. பார்க்க மனம் வராவிட்டால்

பலர் பார்ப்பதில்லை. பல வருடம் நடந்தும் ஸ்டம்பின் அடியை ஒருநாளும் பார்க்காதவர்கள் உண்டு. வீட்டிலும் சாரத்தை இழுத்துவிட்டபடி, பிள்ளைகள் தூங்கியபின் இருட்டில் கழற்றுவார்கள். இதை மனத்தைரியக் குறைவு என்று பேசிப் பயனில்லை. ஆனால் விளைவு உடம்பில் வரும்: பார்க்காத இடத்தில்தான் புண் பெருக்கும், காற்றுப் படாத இடத்தில்தான் பங்கஸ் பிடிக்கும்.

ஒரே நாளில் கண்ணாடியை எடுக்கத் தேவையில்லை. முதல் வாரம் கையால் மட்டும். கழுவும்போது கண்ணை மூடிக்கொண்டாவது எலும்பு நுனி எங்கே, தழும்பு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது, எந்த இடம் மரத்திருக்கிறது என்று விரலால் தேடுங்கள். இரண்டாம் வாரம் மேலிருந்து நேராகப் பாருங்கள். மூன்றாம் வாரம் கண்ணாடி வைத்து அடியைப் பாருங்கள். பார்த்ததைக் கொப்பியில் ஒரு வரி எழுதுங்கள்: 'வெளிப்பக்கம் சிவப்பு, ஐந்து சதக் காசளவு' என்பதுபோல. அழகா அவலட்சணமா என்ற கேள்வி இந்த வேலைக்குள் வராது; அளவும் நிறமும் தான் கேள்வி. இப்படிப் பார்த்துப் பழகியவர்களுக்கு மற்றவர் பார்க்கிற கூச்சமும் தானாகவே குறைவதைக் காணலாம்.

வீட்டுக்காரருக்கு ஒன்று: 'ஐயோ' என்று முகத்தைத் திருப்பாதீர்கள், அவர் கேட்காமல் தொடவும் வேண்டாம். பிள்ளை கேட்டால் 'இது அப்பாவின் கால், இரவில் அதுக்கு ஓய்வு' என்றால் போதும். பிள்ளைகள் பெரியவர்களைவிடக் கெதியாகப் பழகிவிடுவார்கள்.

4. கழுவுதல், உலர்த்துதல், தடவுதல்

இரவில் கழுவுங்கள். ஈரமான தோல் ஊறி மென்மையாக இருக்கும். அதைச் சொக்கெட்டுக்குள் விட்டால் ஒட்டி இழுபட்டு உரியும். காலையில் குளித்தே ஆகவேண்டும் என்றால் குளிப்புக்கும் கால் போடுவதற்கும் இடையில் அரை மணித்தியாலமாவது விடுங்கள்.

இளஞ்சூட்டுத் தண்ணீர். சவர்க்காரத்தை உள்ளங்கையில் நுரைக்க வைத்துப் பூசுங்கள், கட்டியால் நேரே தேய்க்க வேண்டாம். தழும்பின் மடிப்புகளுக்குள் விரல் போக வேண்டும்; நாளெல்லாம் வேர்வையும் செத்த தோலும் சேருவது அங்கேதான். பிறகு அலசுங்கள், மறுபடியும் அலசுங்கள். எங்கள் பக்கக் கிணறுகள் பலவற்றில் தண்ணீர் கடினம்; சவர்க்காரம் படையாகத் தங்கி அடுத்த நாள் சூட்டில் கடிக்கும். கடி வந்ததும் 'அலர்ஜி' என்று மருந்து தேடுகிறவர்கள் முதலில் இன்னும் இரண்டு வாளி தண்ணீர் ஊற்றிப் பார்க்கலாம்.

துவாயால் ஒற்றி எடுங்கள். 20 நிமிடம் காற்றுப்பட விடுங்கள்.

செய்யக்கூடாதவை: ஸ்பிரிட், டெற்றோல் போன்றவை தோலை வரட்டி வெடிக்க வைக்கும். பவுடர் வேர்வையில் கட்டியாகி மணல்போல் உராயும். மயிர் வழிக்கக்கூடாது, வழித்த மயிர் உள்நோக்கி வளர்ந்து கொப்புளமாகும்.

தழும்பு முழுதாக ஆறி, பொருக்கு உதிர்ந்தவர்கள் மட்டும் 5 நிமிடம் அதை நகர்த்துங்கள். இரண்டு விரலைத் தழும்பில் ஊன்றி, விரல் வழுக்காமல், தோலையே எலும்புக்கு மேலால் வட்டமாக அசைக்க வேண்டும். வழுக்கினால் நீங்கள் தோலைத் தடவுகிறீர்கள், தழும்பை நகர்த்தவில்லை. எலும்போடு ஒட்டிப்போன தழும்பு ஒவ்வொரு அடியிலும் இழுபட்டுக் கிழியும். அசையும் தழும்பு பாரத்தோடு சேர்ந்து நகரும். விரல் வழுக்கக்கூடாது என்பதால்தான் எண்ணெய் பிறகு, முதலில் அல்ல. கடைசியில் இரண்டு மூன்று சொட்டுத் தேங்காயெண்ணெய் பூசுங்கள். காலையில் கால் போட முதல் எண்ணெய் கூடாது.

இல்லாத பாதம் வலிப்பதும் கடிப்பதும் பொய்யல்ல, மனநோயும் அல்ல. பாதத்துக்கான மூளையின் பகுதி இன்னும் வேலை செய்கிறது. பஞ்சு, பிறகு துவாய், பிறகு உள்ளங்கையால் தட்டல் என்று ஸ்டம்புக்கு வெவ்வேறு தொடுகை கொடுப்பது பலருக்கு உதவும். இன்னொன்று, நரம்பியலாளர் வி. எஸ். ராமச்சந்திரன் 1990களில் தொடக்கிய கண்ணாடி முறை. இரண்டு காலுக்கும் நடுவில் நீளக் கண்ணாடியை நிறுத்தி, நல்ல காலின் விம்பம் மற்றக் காலின் இடத்தில் தெரிய இருந்துகொண்டு, பாதத்தை மெதுவாக மடித்து நீட்டுங்கள். ஒரு நாளைக்கு 15 நிமிடம், சில வாரம். எல்லோருக்கும் கேட்காது, தலை சுற்றினால் நிறுத்துங்கள்.

5. இரவுப் படுக்கை

முழங்காலுக்குக் கீழே தலையணை வைக்காதீர்கள். சுகமாகத்தான் இருக்கும். ஆனால் மடங்கியபடி கிடந்த முழங்கால் மடங்கியபடியே இறுகும். பிறகு எந்தப் பொய்க்காலும் நேராக நிற்காது. கதிரையில் இருக்கும்போதும் ஸ்டம்பைத் தொங்கவிடாமல், பலகையோ இன்னொரு கதிரையோ வைத்து நீட்டுங்கள். ஒரு நாளைக்கு இரண்டு முறை, 20 நிமிடம் குப்புறப் படுப்பது இடுப்பு இறுகாமல் காக்கும்.

கால் எடுத்து ஒன்றரை வருடம் ஆகாதவர்களுக்கும், பொய்க்காலைக் கழற்றினால் வீங்குகிறவர்களுக்கும் 10 சென்ரிமீற்றர் அகல இழுபடும் பண்டேச் வேண்டும். எட்டு எழுத்துப்போல் குறுக்காகச் சுற்றுங்கள். நுனியில் இறுக்கம், மேலே வர வரத் தளர்வு. வளையம் வளையமாகச் சுற்றினால் மேலே கயிறு கட்டியதுபோலாகி நுனி வீங்கிக் கறுக்கும். விழித்திருக்கும் நேரத்தில் 4 மணித்தியாலத்துக்கு ஒருமுறை அவிழ்த்துச் சுற்றுங்கள். நாடித்துடிப்புப்போல் வலித்தால் உடனே அவிழ்க்க வேண்டும்.

6. காலையில் போடுதல்: சொக்ஸ் கணக்கு

புதியவர்கள் அதிகம் தடுமாறுவது இங்கே. ஸ்டம்ப் ஒரே பருமனில் இருப்பதில்லை. காலையில் சற்றுப் பருத்திருக்கும், நடக்க நடக்க வற்றும். சொக்கெட் மாறாது. அந்த இடைவெளியை நிரப்புவதற்குத்தான் சொக்ஸ்.

சுருக்கமில்லாமல் இழுத்து, தையல் வெளிப்பக்கமாகவும் எலும்பில் படாமலும் போடுங்கள். ஒரு சிறு சுருக்கம் ஒரு மைல் நடந்தால் கொப்புளம். பிறகு லைனர், அதாவது சொக்கெட்டுக்குள் வரும் மெத்தென்ற உள்ளுறை, பிறகு கால். எழும்பி நின்று பாரத்தை மாற்றி மாற்றி ஊன்றுங்கள்.

சொக்ஸ் போதாவிட்டால் ஸ்டம்ப் ஆழ இறங்கும்: சில்லின் கீழ் விளிம்பு சொக்கெட்டில் இடிக்கும், நுனி வலிக்கும், நடக்கும்போது உள்ளே ஏறி இறங்கும். கூடிப்போனால் ஸ்டம்ப் முழுதாக இறங்காது: பொய்க்கால் நீண்டதுபோல் இருக்கும், சில்லுக்குக் கீழே தசைநாரில் அமர வேண்டிய புடைப்பு அதற்கும் கீழே உள்ள எலும்பு முட்டில் குத்தும். இரண்டுமே 'முன்னால் வலிக்குது' என்றுதான் தோன்றும். ஆனால் ஒன்றுக்கு சொக்ஸைக் கூட்ட வேண்டும், மற்றதுக்குக் குறைக்க வேண்டும். சந்தேகம் வந்தால் இப்படிப் பாருங்கள். கோதுமை மாவைப் பிசைந்து கடலையளவு உருண்டை செய்து, மெல்லிய பொலித்தீனில் சுற்றி, அடி மூடிய சொக்கெட்டின் அடியில் போடுங்கள். வழக்கமான சொக்ஸோடு காலைப் போட்டு ஒரு நிமிடம் ஊன்றி நின்று கழற்றுங்கள். உருண்டை காகிதம்போல் நசிந்திருந்தால் ஆழ இறங்குகிறீர்கள், சொக்ஸ் கூட்டுங்கள். உருண்டையாகவே இருந்தால் நுனி அடியில் படவே இல்லை, சொக்ஸ் குறைத்துப் பாருங்கள். சற்றே தட்டையானால் சரி. நுனி படாமல் அந்தரத்தில் தொங்கினால் அங்கே இரத்தம் தேங்கி, தோல் தடித்துக் கறுத்து, பாலுண்ணிபோல் முளைக்கும். அதைப் பலர் புற்றுநோய் என்று பயப்படுகிறார்கள். சொக்கெட் சரியானால் அனேகமாக அது வற்றிவிடும்.

மத்தியானம் ஒருமுறை கழற்றி, வேர்வையைத் துடைத்து, காய்ந்த சொக்ஸ் மாற்றுங்கள். சோளகம் வீசுகிற ஆடி, ஆவணியில் இரண்டு முறை. மொத்தம் 10 பிளையைத் தாண்டியும் தளர்ந்தால் இனி சொக்ஸால் ஆகாது, சொக்கெட் மாற்ற வேண்டும். வீட்டில் சுடுகத்தியால் விளிம்பை வெட்டவோ நெருப்பில் வாட்டவோ வேண்டாம். நோகிற இடத்தை வெட்டினால் பாரம் அடுத்த எலும்பில் ஏறும்.

ஜெய்ப்பூர் பாதம் இறப்பர். செருப்பில்லாமலும் ஈரத்திலும் நடக்கலாம். பாதம் நனையலாம், சொக்கெட்டின் உள்ளே நனையக்கூடாது. வரம்பில் சறுக்கிச் சேற்றுத்தண்ணீர் உள்ளே போனால் அந்த இடத்திலேயே கழற்றித் துடையுங்கள். மாற்றுச் சொக்ஸ் ஒன்றைப் பொலித்தீன் பையில் போட்டு இடுப்பில் செருகிக்கொண்டு வயலுக்குப் போவது நல்ல பழக்கம்.

7. புண் வந்தால்

தோல் தன்னைத்தானே தைத்துக்கொள்ளத் தெரிந்தது. விளிம்பிலிருந்து புதுத் தோல் உள்நோக்கி ஊர்ந்து வரும். நீங்கள் செய்ய வேண்டியது அதைக் குழப்பாமல் இருப்பது. குழப்புவது மூன்று: பாரம், அழுக்கு, வரட்சி. ஒழுங்கும் அதுவே.

முதலில் காலைக் கழற்றுங்கள். 'இன்றைக்கு மட்டும்' என்று நடக்கிற அந்த ஒரு நாள், ஒரு வாரத்தைத் தின்னும். ஊன்றுகோலை எடுங்கள்.

அரை லீற்றர் தண்ணீரைக் கொதிக்க வைத்து, ஒரு மட்டத் தேக்கரண்டி உப்புப் போட்டு, மூடி ஆறவிட்டு, அதனால் புண்ணை ஊற்றிக் கழுவுங்கள். மிஞ்சியதை அடுத்த நாளுக்கு வைக்க வேண்டாம். வாசலினை மெல்லிதாகப் பூசி, கோஸ் வைத்து, தளர்வாகக் கட்டுங்கள். தினமும் ஒருமுறை மாற்றினால் போதும். புண்ணைக் காயவிடுவது நல்லது என்று நம்புகிறோம். உண்மையில் பொருக்குக் கட்டிய புண்ணில் புதுத் தோல் அதற்கு அடியால் தோண்டிக்கொண்டு போக வேண்டியிருக்கும். சற்றே ஈரமான புண்ணில் நேராக ஊரும்.

நீர்க் கொப்புளத்தை உடைக்காதீர்கள். அந்த மேல்தோலைவிட நல்ல கட்டு பாமசியில் இல்லை. மஞ்சள், கோப்பித்தூள், பற்பசை, உடைத்த கப்சியூல் தூள் எதுவும் போட வேண்டாம். இவை கிருமியைக் கொண்டுவரும், அல்லது புண்ணை மூடி உள்ளே நடப்பதை மறைக்கும். கப்சியூல் தூளால் புண்ணும் ஆறாது, அந்த மருந்தும் பிறகு கேட்காமல் போகலாம்.

தோல் கட்ட உடம்புக்குப் புரதம் வேண்டும்: முட்டை, குளத்து மீன், பயறு, கடலை. வருத்தக்காரருக்குப் பத்தியம் என்று கஞ்சியை மட்டும் கொடுக்காதீர்கள். பீடி, சிகரட் தோலுக்குப் போகும் இரத்தத்தைச் சுருக்கும். சீனி கூடிய இரத்தத்தில் புண் ஆறாது. ஆறாத புண் இருந்தால் சீனியைச் சோதியுங்கள்.

மூடிய தோல் உடனே பலமான தோல் அல்ல. முதல் நாள் அரை மணித்தியாலம் போட்டுக் கழற்றிப் பாருங்கள். சிவப்பு 20 நிமிடத்தில் மறைந்தால் அடுத்த நாள் ஒரு மணித்தியாலம். அப்படியே கூட்டுங்கள். எந்த நாளில் சிவப்பு நிற்கிறதோ, முந்திய நாளின் அளவுக்குத் திரும்புங்கள்.

புண் திறந்திருக்கும்போது வயலிலோ குளத்திலோ இறங்கக்கூடாது. எலிக்காய்ச்சல் கிருமி காயத்தால் இலகுவாக உள்ளே போகும். வயல் வேலைக்காரர்கள் போகத்துக்கு முதல் தடுப்பு மாத்திரை பற்றிச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் கேளுங்கள்.

பழைய செல் துண்டு தோலுக்கு அருகே வந்து கட்டியாவதுண்டு. பிளேட்டாலும் ஊசியாலும் கிண்ட வேண்டாம். உடம்பில் இரும்பு இருக்கிறதென்றால் எம்.ஆர்.ஐ. ஸ்கானுக்கு முதல் கட்டாயம் சொல்ல வேண்டும்.

சிவப்பின் விளிம்பில் பேனாவால் கோடு போட்டு வையுங்கள். சில மணித்தியாலத்தில் கோட்டைத் தாண்டினால், சீழ் வந்தால், கறுத்தால், கவட்டில் நெறி கட்டினால், காய்ச்சல் வந்தால், எலும்பு தெரிந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரி. குளிர் நடுக்கத்தோடு பேச்சுக் குழறினால் 1990க்கு அடித்து அம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். காய்ச்சல் இல்லாத சிறு புண்ணும் ஒரு வாரத்தில் சிறுக்காவிட்டால் காட்டுங்கள். சீனி வருத்தக்காரர் ஒரு வாரம் பொறுக்கக்கூடாது, முதல் நாளே.

8. மற்றக் காலும் மற்றச் சாமானும்

இரண்டு காலின் பாரத்தை ஒரு பாதம் சுமக்கிறது. கண்ணாடி வெளியில் இருக்கும்போதே அந்த உள்ளங்காலையும் விரல் இடுக்கையும் பாருங்கள். சீனி வருத்தக்காரர் வீட்டுக்குள்ளும் செருப்போடு திரியுங்கள்.

சொக்ஸ் தினமும் தோய்க்க வேண்டும், வெளுக்கும் மருந்து வேண்டாம். சொக்கெட்டையும் லைனரையும் சவர்க்காரத் துணியால் துடைத்து, பிறகு வெறும் ஈரத்துணியால் துடைத்து, நிழலில் இரவு முழுக்கக் காயவிடுங்கள். வெயிலில் வைத்த லைனர் சுருங்கி இறுகும். போட முதல் உள்ளே கையை விட்டுத் தடவுங்கள்: மணல், வெடிப்பு, சிலவேளை பூரானும் இருக்கும்.

9. கிளினிக் நாள்

கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா எங்கே போனாலும், யாழ்ப்பாணத்து ஜெய்ப்பூர் நிலையத்துக்குப் போனாலும், வழக்கமான சொக்ஸ் எண்ணிக்கையோடு நடந்தபடி போங்கள். மரியாதைக்கென்று அன்றைக்குப் புதுச் சொக்ஸ் போட்டு, காலையில் நடக்காமல் வந்தால் அங்கே சிவப்பே இருக்காது. பார்ப்பவருக்கு என்ன பிழை என்று தெரியாது. கொப்பியையும், சிவப்பை எடுத்த போன் படங்களையும் காட்டுங்கள். 'நோகுது' என்பதைவிட 'ஏற்றத்தில் போகும்போது வெளிப்பக்க முட்டில் நோகுது, பிற்பகலில் 5 பிளை போடுகிறேன்' என்பது அவர்களுக்குப் பாதி வேலையை முடித்துவிடும்.

புதுக் கால் கிடைத்தால் முதல் நாள் அரை மணித்தியாலத்தில் தொடங்குங்கள். பழையதை எறிய வேண்டாம். புதியதைத் திருத்தக் கொடுத்து நிற்கிற நாட்களில் இரண்டு சொக்ஸ் கூடப் போட்டு, வீட்டுக்குள் திரிய அது உதவும்.